எழுத்தறியும் பெருமான்

திருவொற்றியூர்க் கோவிலில் உள்ள இறைவனுக்கு எழுத்தறியும் பெருமான் என்று ஒரு பெயர் உண்டு. தலபுராணக் கதை சிறியது. ஊர்களுக்கெல்லாம் இறை விதித்து அரசன் ஓலை அனுப்புகிறான். எழுதியவனுக்கும் தெரியாமல், எழுதச் சொன்னவனுக்கும் தெரியாமல், வரிகளுக்கு நடுவே ஒற்றியூர் நீங்கலாக என்று பொருள்பட ஒரு வாசகம் ஏறியிருக்கிறது. எழுதியது யார் என்று விசாரித்தால் ஆள் அகப்படவில்லை. கடவுள்தான் என்று முடிவாகிறது. பக்தர்களுக்கு இது வரி தள்ளுபடியான கதை. எனக்கு என்னவோ ஒரு பிரதியைப் பற்றிய கதையாகவே இது படுகிறது. கையெழுத்துப் போடாமல், சன்மானம் கேட்காமல், இன்னொருவன் வரிகளின் இடுக்கில் தன் வரியை எழுதிவிட்டுப் போனவரை எழுதிய பெருமான் என்று சொல்லாமல் எழுத்து அறியும் பெருமான் என்றார்கள். அதாவது எழுதுகிறவர் அல்ல, படிக்கத் தெரிந்தவர். பெயர் வைத்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள்.

இந்தப் பெருமானைப் பார்த்துத்தான் இராமலிங்கம் பிள்ளை பாடினார். பின்னாளில் நாடு வள்ளலார் என்று அழைத்தவர். 1823இல் மருதூரில் பிறந்து, சிறுவயதிலேயே சென்னைக்கு வந்து, ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவில் குடியிருந்தார். அங்கிருந்து ஒற்றியூருக்கு நடை. எந்த வழியாகப் போனாலும் ஏழெட்டுக் கிலோமீட்டர் ஆகும். 1856இல் இராயபுரத்தில் ரயில் நிலையம் திறந்தார்கள், தென்னிந்தியாவுக்கே முதல் நிலையம். ஆனால் அந்த ரயில் மேற்கே வாலாஜாவுக்குப் போயிற்று. ஒற்றியூருக்குப் போகிறவன் அப்போதும் நடக்கத்தான் வேண்டியிருந்தது. இருபது வருஷத்துக்கு மேல் நடந்தார். வடிவுடை மாணிக்க மாலையும் எழுத்தறியும் பெருமான் மாலையும் இன்னும் பலவும் அந்த நடையின் விளைவுகள். அந்தப் பாடல்கள் 1867 வரை நூலாக வரவில்லை. அதற்குள் அவர் சென்னையை விட்டுப் போய்ச் சுமார் பத்து வருஷம் ஆகியிருந்தது.

அச்சு இல்லாததால் அல்ல என்பதுதான் கவனிக்கவேண்டியது. அச்சுக்கூடம் அவருக்குப் புதிதல்ல. 1851இல் ஒழிவிலொடுக்கத்தைப் பதிப்பித்தவர் அவர். 1854இல் மனுமுறை கண்ட வாசகம் என்ற தம் உரைநடையையே அச்சில் கொண்டுவந்தார். பாடல்களை மட்டும் தரவில்லை. இறுக்கம் இரத்தின முதலியார் என்ற அன்பர் கடிதத்துக்கு மேல் கடிதமாக எழுதிக் கேட்டார். பாடல்கள் கைக்கு வரும்வரை ஒருவேளைதான் உண்பது என்று விரதம் இருந்தார் என்று வரலாறு கூறுகிறது. அதற்குப் பிறகே இராமலிங்கர் இசைந்தார். அப்போதும் தம் பெயரை ராமலிங்கசாமி என்று வழங்கவேண்டாம், அதில் ஆரவாரம் தொனிக்கிறது என்று எழுதிக் கேட்டுக்கொண்டார். தொழுவூர் வேலாயுத முதலியார் பாடல்களைத் தொகுத்து, திருவருட்பா என்று பெயரிட்டு, திருமுறைகளாக வகுத்து, பெரிய பட்டத்தோடு வெளியிட்டார். பெயரும் பட்டமும் வேலாயுத முதலியார் தந்தவை. அடிவாங்கியது பாடியவர். ஆறுமுக நாவலர் கட்சியார் இது அருட்பாவே அல்ல என்று கிளம்ப, 1869இல் விவகாரம் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போயிற்று. பாராட்டின் விலை எவ்வளவு என்பதைப் பாராட்டியவர்கள் கொடுக்கவில்லை.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வருவது சுலபம். வாசகனைத் தேடாத கவி, அங்கீகாரத்தைத் துறந்த சிருஷ்டி, இத்யாதி. நம் கூட்டங்களில் இப்படிப் பேசிக் கேட்டிருக்கிறேன். எனக்கு இதில் நம்பிக்கையில்லை. ஒவ்வொரு பாட்டிலும் நீ, உன், உனக்கு என்று ஒருவரைப் பார்த்துப் பேசுகிறவனை வாசகனற்றவன் என்று எப்படிச் சொல்வது? அவருக்கு ஒரு வாசகர் இருந்தார். அச்சுப்பிழைக்கு அவர் அலட்டிக்கொள்ளமாட்டார், சந்தாவை நிறுத்தமாட்டார், ஒரு சொல்லையும் தவறவிடமாட்டார். அதுமட்டுமா, அந்த வாசகர் முகம் கொடுக்கவில்லையே என்ற புலம்பல் அப்பாடல்கள் நெடுகக் கேட்கிறது. இன்னும் இரங்கவில்லையே, நான் என்ன செய்யட்டும் என்ற அந்தக் குரலை, பத்திரிகை ஆசிரியருக்கு மூன்றாம் முறை கார்டு போடுகிறவனின் குரலோடு சேர்த்து நினைப்பது அபசாரமாகத் தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை. அங்கீகாரப் பசி அங்கேயும் இருக்கிறது. விலாசம்தான் வேறு.

தமிழில் இந்தப் பசி வெட்கப்படாத பசி. அரங்கேற்றம் என்ற நிறுவனமே அதற்காக ஏற்பட்டது. கம்பன் தன் காவியத்தோடு ஸ்ரீரங்கத்தில் பட்டதாகச் சொல்லும் பாடுகள் எல்லாம் ஒப்புதல் கையொப்பம் வாங்கின கதைகள்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்பு எதையாவது எடுத்துப் பாருங்கள். முன்னால் வரிசையாகச் சாற்றுகவிகள் நிற்கும். நண்பர், நண்பரின் மாணவர், மாணவரின் மைத்துனர் என்று எல்லாரும் விருத்தம் பாடியிருப்பார்கள். நாம் பின்னட்டையில் நாலு வரி வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். யாப்பு தளர்ந்துவிட்டது, வேறு வித்தியாசமில்லை.

இங்கே நம்மைப் பற்றிப் பேசியாகவேண்டும். சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' தொடங்கியபோது இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அச்சிடுவதில்லை என்று உச்சவரம்பு விதித்தார். நிலச் சீர்திருத்தக்காரர்கள் கவனிக்கவேண்டிய உச்சவரம்பு இது, ஏனென்றால் அதை மீறும் அபாயம் கடைசிவரை ஏற்படவேயில்லை. 1970 வரை 119 இதழ்கள். புத்தகங்களைப் பையில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனார். பரிசுகளை மறுத்தார். 'சுதந்திர தாகம்' நாவலைத் தள்ளாத வயதில் தானே அச்சிட்டார். 1998இல் காலமானார். 2001இல் அந்த நாவலுக்கு சாகித்ய அகாதமி பரிசு கொடுத்தார்கள், அவர் மறுக்க முடியாத நிலையில்.

செல்லப்பாவைச் சொல்லிவிட்டு நாமும் அவர் வரிசையில் போய் நின்றுகொள்கிறோம். சிறுபத்திரிகைக்காரனுக்கு வாசகக் கும்பல் வேண்டாம், லட்சம் பிரதி வேண்டாம், மாலையும் மேடையும் வேண்டாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓர் இருபது பேர் இருக்கிறார்கள். அவர்கள் பெயர்கள் நம் எல்லாருக்கும் தெரியும், அவர்களில் பலர் இதைப் படித்துக்கொண்டும் இருக்கலாம். லட்சம் பேர் படிக்காததில் பெருமைப்படுகிறவன், இந்த இருபது பேரில் ஒருவர் ஒரு மாதம் கடிதம் போடவில்லை என்றால் சோறு இறங்காமல் தவிக்கிறான். பெரும்பத்திரிகை எழுத்தாளனை வாசகனின் கைதட்டல் நடத்துகிறது. நம்மை நடத்துவது புருவம். கைதட்டலாவது பொதுவிடத்தில் கேட்பது. புருவத்தின் சங்கதி ஒருவருக்கும் தெரியாது, ஆகவே அதற்கு அடிபணிவதைத் தீவிரம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

என் சங்கதியையே சொல்கிறேன். எண்ணூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளைப் பற்றி இளவயதில் ஒரு கவிதை எழுதினேன். 1970இல் ஓடத்தொடங்கி 2017இல் மூடப்பட்ட நிலையம். கவிதையில் சாம்பல் இருந்தது, முகத்துவாரம் இருந்தது, மீன் இல்லாத வலை இருந்தது. நாங்கள் எல்லாரும் மதித்த ஒருவர் அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தலையை இரண்டுமுறை ஆட்டினார். அந்த இரண்டு ஆட்டங்களுக்காக அதற்குப் பிறகு அதே கவிதையை எட்டுத்தடவை எழுதினேன். தலைப்பு மாறியது, சாம்பல் மாறவில்லை. ஒன்பதாவது தடவை எழுத உட்கார்ந்தபோது கை போகும் இடமெல்லாம் ஏற்கனவே தெரிந்திருந்தது. அப்போது எனக்கு ஏற்பட்ட கூச்சம் நிராகரிப்பால் ஏற்படுவதல்ல. நிராகரிப்பு என்னை ஒருபோதும் இவ்வளவு கெடுத்ததில்லை.

ஆகவே கைதட்டலை விடு என்று ஒருவன் இன்னொருவனுக்குச் சொல்வதில் அர்த்தமில்லை. விட்டால் எதைப் பிடித்துக்கொண்டு எழுதுவது என்பதுதான் கேள்வி. தனக்காகவே எழுதுகிறேன் என்று சொல்கிறவர்கள் உண்டு. தனக்காகவே எழுதுகிறவன் எதற்காக அடித்துத் திருத்தவேண்டும்? தான் சொல்ல நினைத்தது தனக்கு முதல் பிரதியிலேயே தெரிந்துவிட்டதே.

திருவொற்றியூரில் இருந்த என்ஃபீல்டு தொழிற்சாலையைப் பலருக்கும் தெரியும். 1955இல் அங்கே தொழில் தொடங்கினார்கள். நெடுங்காலம் அந்த மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டாங்கில் தங்கநிறக் கோட்டைக் கையாலேயே இழுத்தார்கள். ஸ்கேல் இல்லை, அச்சு இல்லை, தூரிகையும் கையும்தான். வளைந்த தகட்டின்மேல் ஒரே மூச்சில் கோடு போகவேண்டும். கோட்டுக்காரரை யாருக்கும் தெரியாது. வண்டி வாங்கினவன் கோட்டைப் பார்ப்பதே அபூர்வம். இதை உதாரணமாக வைத்து ஒரு நண்பரிடம் உற்சாகமாகப் பேசினேன். பார்வையாளனைப் பற்றி நினைக்காத கலை இதோ இருக்கிறது, கோட்டுக்காரனுக்குக் கோடுதான் எஜமான் என்றேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: கோணல் கோடு எல்லார் கண்ணுக்கும் கோணல். மேஸ்திரிக்குத் தெரியும், கடைக்காரனுக்குத் தெரியும், மாசச் சம்பளமும் உண்டு. உன் கவிதையில் கோணல் எது என்று யாருக்குத் தெரியும்?

பதில் சொல்ல முடியவில்லை. கைவினைஞனின் நிம்மதியைக் கவிஞன் இரவல் வாங்க முடியாது. காசிமேட்டில் படகு கட்டுகிறவனுக்குக் கடல் இருக்கிறது. தப்பாகக் கட்டினால் தண்ணீர் உள்ளே வரும். நம் தப்புகளில் தண்ணீர் வருவதில்லை, வந்தால் எவ்வளவோ சௌகரியம்.

வெளிநாட்டு உதாரணங்களும் இந்த இடத்தில் கைகொடுப்பதில்லை. ஹாப்கின்ஸ் 1868இல், ஏசு சபையில் சேருவதற்கு முன், தன் கவிதைகளைக் கொளுத்தினார். அருட்பா அச்சேறியதற்கு அடுத்த வருஷம். ஏழு வருஷ மௌனத்துக்குப் பிறகு ஒரு கப்பல் மூழ்கியதைப் பற்றி நீண்ட கவிதை எழுதினார், சபையின் பத்திரிகையே அதைப் போடவில்லை. 1889இல் இறந்தார். தொகுப்பு வந்தது 1918இல். ஆனால் நடுவே பிரிட்ஜஸ் என்ற ஒரு நண்பர் இருந்தார், கவிதைகள் அவருக்குப் போய்க்கொண்டிருந்தன, அவர் பல சமயம் புரியவில்லை என்று முகம் சுளித்துக்கொண்டுமிருந்தார். காஃப்கா கையெழுத்துப் பிரதிகளை எரித்துவிடச் சொல்லிப் போனார், யார் எரிக்கமாட்டாரோ அவரிடம். இறுக்கம் இரத்தின முதலியார் எழுதியவர் உயிரோடிருக்கும்போதே வந்துவிட்ட பிராடு. ஒருவரேனும் இல்லாமல் எவரும் எழுதவில்லை என்றே இந்தச் சரித்திரங்கள் சொல்கின்றன. எழுதியவர்கள் இருந்திருக்கலாம். அவர்கள் சரித்திரத்துக்குள் வரமாட்டார்கள் அல்லவா.

அப்படி வராத ஒருவரைப் பற்றி எனக்குத் தெரியும். எண்ணூர்ப் பக்கம் ஓர் ஆலையில் பாய்லர் ஷிப்ட் பார்த்தவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஷிப்ட் விவரம் குறிக்கும் நோட்டுப் புத்தகங்களில் மீந்த பக்கங்களைக் கிழித்துத் தைத்து வைத்துக்கொண்டு அதில் எழுதுவார். கூட வேலை செய்தவர்கள், இன்னா நைனா, ஊருக்குக் கடுதாசியா என்பார்கள். ஆமாம் என்பார். அவர் எழுதுவது கவிதை என்று எனக்குத் தெரியவந்ததே தற்செயல். எங்கள் சந்திப்புகள் பெரும்பாலும் திருவொற்றியூர்க் கரையில் கொட்டிவைத்திருக்கும் பாறைகளின்மேல். துறைமுகம் கட்டியதிலிருந்து தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரீனா அகன்றது. வடக்கே அலை அரித்து அரித்துத் தெருக்களையும் வீடுகளையும் கொண்டுபோயிற்று. இந்தப் பக்கத்துக் கடலைப் பார்க்க யாரும் வருவதில்லை, கல் போட்டுத் தடுக்கத்தான் வருவார்கள். சற்றுத் தள்ளிக் கடலைப் பார்த்தபடி பட்டினத்தார் சமாதி. எல்லாவற்றையும் விட்டவர் என்று பெயர் எடுத்தவரும் பாட்டை மட்டும் விடவில்லை என்று ஒருநாள் சொன்னேன். அவர் சிரித்தார்.

"ஏதாவது பத்திரிகைக்கு அனுப்பலாமே அண்ணே. நானே எடுத்துக்கிட்டுப் போறேன்" என்றேன்.

"இன்னும் சரியா வரலியே தம்பி."

"வந்தா குடுப்பீங்களா?"

"வந்தா அப்பால இன்னாத்துக்குக் குடுக்கணும்?"

அன்று இதை ஓய்வுபெறப்போகிறவரின் தத்துவம் என்று எடுத்துக்கொண்டேன். பயம் என்றும் நினைத்தேன். நிராகரிப்புக்குப் பயந்து காட்டாமலே இருப்பவர்கள் எத்தனையோ பேர், காட்டாததையே மேன்மையாக்கிக்கொண்டவர்களும் நம்மிடையே உண்டு. அவரிடமும் அதில் ஒரு பங்கு இருந்திருக்கலாம்.

அவர் போனபிறகு அவர் மனைவி நோட்டைக் கொடுத்தார். வெச்சிகினு இன்னா பண்றது, நீங்களாச்சும் படிங்க என்றார். படித்தேன். உண்மையைச் சொல்லவேண்டும். நாற்பதுக்கும் மேல் கவிதைகள், முக்கால்வாசி புலம்பல். ஐந்தாறு, அந்தக் காலத்து வானம்பாடிகளின் முழக்கம் காற்றில் வந்து ஒட்டிக்கொண்டவை. யாரும் படிக்காமல் எழுதப்பட்டதாலேயே எழுத்து சுத்தமாகிவிடாது. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒதுங்கியிருந்த கலைஞனின் பெட்டிக்குள் ரத்தினம் இருக்கும் என்பது நாம் நமக்கே சொல்லிக்கொள்ளும் ஆறுதல் கதை. பெட்டிகளில் பெரும்பாலும் கந்தல்தான் இருக்கிறது.

ஒரு கவிதை மட்டும் வேறு. ஏழு வரி. ஆலைச் சங்கு ஊதி முடிந்தபின் ஒரு கணம் வரும் நிசப்தத்தைப் பற்றியது. அதன் மூன்றாவது வரியில் ஒரே ஒரு வினை. முதலில் சங்கு நின்றது என்று எழுதியிருக்கிறார், பக்கத்தில் தேதி, 1979. பிறகு அடித்து ஓய்ந்தது. பிறகு அடங்கியது. பிறகு தீர்ந்தது, 1983. தீர்ந்தது எனக்குப் பிடித்திருந்தது, அவருக்குப் பிடிக்கவில்லை. மீண்டும் நின்றது. அடுத்து அவிந்தது, விளக்கைச் சொல்வதுபோல. அதையும் அடித்து, ஓரத்தில் 1990 என்று போட்டு, அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார். பதினொரு வருஷம். மற்ற ஆறு வரிகளில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

இந்தப் பதினொரு வருஷத்தில் அவரிடம் யாரும் அந்தச் சொல் தப்பு என்று சொல்லவில்லை. யாரும் பார்க்கவேயில்லை. அப்படியானால் யார் அடித்தது? கோட்டுக்காரரைப் பற்றி நண்பர் கேட்ட கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இந்த அடித்தல்கள்தான். கோணல் ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஒருவரை உள்ளே இருக்கும் வாசகன் என்று சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் சொல்லிவிட்டால் தீர்ந்துவிடாது. உள்ளே இருப்பவன் வெளியிலிருந்து வந்தவன்தான். தாய் பாடிய தாலாட்டும், காதில் விழுந்த ஒப்பாரியும் கானாவும், பள்ளியில் அடித்துச் சொல்லிக்கொடுத்த செய்யுளும் சேர்ந்து உண்டாக்கிய காது அது. இராமலிங்கருக்குத் தேவாரமும் வாசகமும் உண்டாக்கிய காது. ஆகவே அவனும் சமூகம்தான், இருபது பேருக்குப் பதில் இருநூறு தலைமுறை. ஒரு வித்தியாசம்: அவனுக்குக் கடிதம் போட முடியாது. அவன் முகத்தைப் பார்த்து அடுத்த கவிதையை அமைக்க முடியாது. அவன் நன்று என்று சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. இல்லை என்று மட்டும் சொல்லுவான், அதையும் காரணம் காட்டாமல். காலையில் எழுந்து மறுபடி உட்காரவைப்பது அந்த இல்லைதான். ஊக்கம், உந்துதல் என்றெல்லாம் சொல்கிறார்களே, என் அனுபவத்தில் அது பல்லில் சிக்கிய நாருக்கு நாக்கு திரும்பத் திரும்பப் போவது மாதிரியான சமாசாரம். கௌரவமானதுகூட அல்ல.

கடவுள் இருந்தவர்கள் அந்த இல்லையைக் கடவுளின் மௌனம் என்று எடுத்துக்கொண்டு பாடினார்கள். அது அவர்கள் பாக்கியம். நமக்கு அந்த இடம் காலி. காலி இடத்தில் இருபது பேரைக் கொண்டுவந்து உட்காரவைப்பதுதான் என்னுடைய புகைபோக்கிக் கவிதைக்கு நேர்ந்தது என்று இப்போது நினைக்கிறேன். தலையாட்டிய பெரியவர்மீது எனக்குக் குறையில்லை, அவர் ஒரு கவிதைக்குத்தான் ஆட்டினார்.

நோட்டைப் பத்திரிகை நடத்தும் ஒரு நண்பரிடம் காட்டினேன். புரட்டிவிட்டு, இந்தப் பதினொரு வருஷக் கதையை நீ எழுது, போடுகிறேன், கவிதை வேண்டாம் என்றார். இலக்கிய உலகத்தின் சுபாவத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. கோபம் வந்தது. வந்துவிட்டு, இதோ அந்தக் கதையைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன், கவிதையைத் தராமல். பாதி நோட்டை வெளியிட எனக்கு உரிமையில்லை என்று காரணம் வைத்திருக்கிறேன். வேலாயுத முதலியாருக்கு இந்தச் சந்தேகமெல்லாம் வரவில்லை. ஆறாம் திருமுறை பாடியவர் மறைந்து பதினொரு வருஷத்துக்குப் பிறகு, 1885இல், வேறொருவர் முயற்சியில்தான் வெளிவந்தது. அவர்களுக்கெல்லாம் குறைந்தபட்சம் முடிந்த பிரதி கையில் இருந்தது.

சங்கு இப்போது அந்தப் பக்கத்தில் முன்போல் கேட்பதில்லை. பல ஆலைகள் மூடிவிட்டன, சில இடம் மாறிவிட்டன. போன வாரம் இரவு நோட்டைத் திறந்து அந்தக் காலி இடத்தில் பென்சிலால் ஒரு சொல் எழுதிப்பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. இருபது பேரில் பதினைந்து பேராவது ஒப்புவார்கள். மூன்றாம் நாள் ரப்பர் எடுத்து அழித்தேன். தாள் பழசு, லேசாக மயிர் கிளம்பிவிட்டது.